பாலத்தின் இந்தப் பக்கம்

வேனில் வலது பக்க ஜன்னல் ஓரம், முன்னாலிருந்து மூன்றாவது இருக்கை. அது அவனுடையது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் வேறு யாரும் அதில் உட்காருவதில்லை. நீரேற்று நிலையத்துக்கு இரவு வேலைக்குப் போகிறவர்களில் புதிதாக யாராவது வந்து அங்கே அமர்ந்துவிட்டால், இடது பக்கம் இருக்கும் வால்வ்காரன் எழுப்பிவிடுவான்.

"எந்திரிங்க சார், அது அண்ணன் சீட்டு. அவருக்கு அந்தப் பக்கம் ஒரு சோலி இருக்கு."

சோலி நான்கைந்து விநாடிதான். மாலை ஆறேகால் வாக்கில், ரயில் பாதைகளுக்கு மேலே போகும் மேம்பாலத்தின் உச்சியைத் தாண்டி வேன் இறங்கத் தொடங்கும். நடுவிலிருக்கும் தடுப்புச் சுவருக்கு அப்பால், எதிர்ப்பக்க ஏற்றத்தில், அவன் மனைவி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவாள். நீல நிற ஹெல்மெட்டை ஹேண்டில்பாரில் மாட்டியிருப்பாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகி, தலையைக் குனிந்து, தார்ச்சாலையை மட்டும் பார்த்தபடி ஏறுவாள். சில நாள் லாரி மறைத்துவிடும். மழை நாளில் கண்ணாடியில் ஒரு நீலப் புள்ளி மட்டும் நகரும். மற்ற நாட்களில் அந்த நான்கைந்து விநாடிக்கு அவளைப் பார்த்துவிட்டு அவன் வேலைக்குப் போவான்.

அவன் பார்ப்பது அவளுக்குத் தெரியாது. சொல்லிவிட்டால் அவள் நிமிர்ந்து வேன்களைத் தேடிக்கொண்டு நடப்பாள், பின்னால் வருகிறவன் இடித்துவிடுவான் என்று பயந்து அவன் சொல்லவில்லை. அப்படித்தான் தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டான்.

இரண்டு வருடமாக இதுதான் ஏற்பாடு. நிலையத்தில் மூன்று பம்ப் ஆபரேட்டர்கள் இருந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்றுப் போனார். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. மீதி இரண்டு பேரில் மூத்தவருக்குச் சர்க்கரை வியாதி என்பதால் பகல் அவருக்கு, இரவு இவனுக்கு. வார விடுமுறை என்பது காகிதத்தில் இருந்தது. மாலை ஆறு பத்துக்குத் தெருமுனையில் வேன் ஏறுவான். மறுநாள் காலை எட்டு இருபதுக்கு வீட்டுக்கு வருவான். அவள் பல் செட் செய்யும் லேப் ஒன்றில் வேலை செய்தாள். எட்டரைக்கு உள்ளே இருக்க வேண்டும் என்பதால் ஏழரைக்கே கிளம்பிவிடுவாள். ஐந்தரைக்கு விட்டால் பதினொரு கிலோமீட்டர் மிதித்து, பாலத்தில் தள்ளி, வீடு வந்து சேர ஆறு இருபத்தைந்து ஆகிவிடும். பேருந்து அதே பாலத்தின் நெரிசலில் இன்னும் நேரம் எடுக்கும். ஸ்கூட்டர் என்றால் அவளுக்கு ஆகாது. கற்றுக்கொள்ளப் போய் விழுந்து ஒரு முன்பல் உடைந்தது. அந்தப் பல்லை அவளே செய்து, தன் லேப் மூலம் மாட்டிக்கொண்டாள். "என் கைவேலைக்கு நானே விளம்பரம்" என்று சிரிப்பாள்.

ஆக, காலையில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தவறும், மாலையில் கால் மணி நேரம் தவறும். மகள் விடுதிக்குப் படிக்கப் போன பிறகு அந்த மூன்றாம் மாடி வீட்டில் எப்போதும் ஒருவர்தான் இருந்தார். மற்றவர் குடித்து வைத்த டம்ளர் கழுவும் தொட்டியில் இருக்கும். போர்வை இன்னும் முழுக்க ஆறியிருக்காது. ஞாயிறு மத்தியானம் இவன் தூங்கி எழுந்து, அவள் துணி துவைத்து முடித்த பிறகு, மூன்று மணி நேரம் கிடைக்கும். அதில் கடைக்குப் போக வேண்டும், மகளோடு போனில் பேச வேண்டும், யார் வீட்டிலாவது துக்கமோ கல்யாணமோ இருந்தால் தலை காட்ட வேண்டும்.

போன் இருந்தது. லேப்பில் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அவள் வீட்டுக்கு வந்து அழைத்தால் பம்ப் இரைச்சலில் அவன் "என்ன? என்ன?" என்பான். எனவே சீட்டு எழுதினார்கள். லேப் இடம் மாறியபோது பழைய முகவரி அச்சடித்த வேலைச் சீட்டுகள் கட்டுக்கட்டாக மிஞ்சின. அவற்றை அவள் கொண்டுவந்து குளிர்பதனப் பெட்டியின் மேல் வைத்தாள். நோயாளி, மேல் தாடை அல்லது கீழ்த் தாடை, நிறம், குறை, திருத்தம், முடிக்க வேண்டிய நாள் என்று கட்டங்கள். முதலில் கட்டங்களைப் பொருட்படுத்தாமல்தான் எழுதினார்கள். பிறகு அவன் விளையாட்டுக்கு அவற்றை நிரப்பத் தொடங்கினான். நோயாளி: சமையலறைக் குழாய். குறை: இரவெல்லாம் அழுகை. திருத்தம்: வாஷர் மாற்றப்பட்டது.

மோட்டார் யோசனை பாலத்தில்தான் வந்தது. ஒருநாள் உணவு கொண்டுபோகும் ஆள் ஒருவன் சாதாரண சைக்கிளில், காலை ஆட்டாமல், ஏற்றத்தில் வேனை முந்திக்கொண்டு போனான்.

"பாருங்கண்ணே, பேய் தள்ளுது" என்றான் வால்வ்காரன்.

அவன் பார்த்தது முன்சக்கரத்தின் நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்த மோட்டாரை. அன்றிரவு பம்ப் அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டான். மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர். பாலத்தில் இறங்கித் தள்ள வேண்டாம். ஐந்தரைக்குக் கிளம்பினால் ஆறு மணிக்கு வீடு. காலையில் எப்படிப் பார்த்தாலும் இருபது நிமிடம் இடிக்கும். ஆனால் மாலையில் பத்து நிமிடம் கையில் நிற்கும்.

மறுநாள் சீட்டில் எழுதினான். நோயாளி: உன் சைக்கிள். திருத்தம்: மோட்டார். காரணம் என்று கட்டம் இல்லாததால் ஓரத்தில் எழுதினான்: 'தினம் பத்து நிமிஷம். ஒரு டீ சூடா குடிக்கலாம்.'

அவள் பதில் எழுதவில்லை. சீட்டின் அந்த ஓரத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டாள். மிச்சத்தை அப்படியே குளிர்பதனப் பெட்டிக் கதவின் காந்தத்தில் மாட்டிவிட்டுப் போனாள். அதுதான் சம்மதம் என்று அவன் புரிந்துகொண்டான்.

பெட்டி ஒரு திங்கட்கிழமை வந்தது. மோட்டார் பொருத்திய முன்சக்கரம், கன்ட்ரோலர், பேட்டரி, கைப்பிடியில் திருகும் ஆக்ஸிலரேட்டர், ஒரு பிடி ஒயர்கள், படம் போட்ட ஒரு தாள். சைக்கிள் கடைக்காரரிடம் விட்டால் ஒரு வாரம் சைக்கிளை வைத்துக்கொள்வார். அவள் வேலைக்குப் போக வேண்டும். பழைய சக்கரத்தை மாட்டினால் பத்தே நிமிடத்தில் சைக்கிள் பழையபடி ஓடும் என்பதால், இருவரும் அவரவர் நேரத்தில் வேலையைச் செய்வது என்று முடிவாயிற்று. மாலையில் அவள் செய்வாள். மத்தியானத்தில் அவன் செய்ய முடியாது, சைக்கிள் அவளோடு போயிருக்கும். அதற்கும் அவள் வழி கண்டாள்: அந்த ஒரு வாரம் மட்டும் லேப்பில் கூட வேலை செய்கிறவளின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனாள். அந்தப் பெண் வழியில் தன் மகனை டியூஷனில் விட்டு வருவதால் அதிலும் ஆறரை ஆனது.

மாடிப்படிக்கு அடியில், மின் மீட்டர்களுக்குப் பக்கத்தில் சைக்கிள் நின்றது. எதிரே தரைத்தள வீட்டு ஜன்னல். அதற்குப் பின்னால் நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்து பள்ளிச் சீருடை தைக்கும் அக்கா. கட்டிடத்தில் எல்லாருக்கும் அவள் தையலக்கா.

செவ்வாய்க்கிழமை முதல் சிக்கல். மோட்டாரின் அச்சு, முன் ஃபோர்க்கின் நுனியில் இருக்கும் பிளவான காடியில் நுழையவில்லை. அவன் எழுதினான்: 'காடி சின்னது. அரம் போடணும். எவ்வளவுன்னு தெரியல. அதிகமா ராவினா போச்சு.'

அவள் மாலையில் லேப்பிலிருந்து ஒரு துண்டு இளஞ்சிவப்பு மெழுகு கொண்டுவந்தாள். கையில் உருட்டிச் சூடாக்கி, காடிக்குள் அழுத்தி, அச்சை மேலே வைத்து அமுக்கி எடுத்தாள். வாய்க்குள் பல் எங்கே இடிக்கிறது என்று பார்ப்பது போலவே. மெழுகு எங்கே மெலிந்து பிதுங்கியதோ அங்கேதான் இரும்பு இடிக்கிறது. அந்த மெழுகைச் சீட்டோடு குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தாள். 'உள்ளே பார்க்கவும். மெலிசா இருக்கிற இடத்தில மட்டும் ராவுங்க.' புதன்கிழமை அவன் அந்த இடத்தில் மட்டும் நாலு இழுப்பு இழுத்தான். அச்சு டக் என்று உட்கார்ந்தது. மெழுகில் அவள் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. அதை அவன் எறியவில்லை. முட்டை வைக்கும் தட்டில், ஒரு முட்டையின் இடத்தில் வைத்தான்.

அந்த வாரம் அவர்கள் எழுதிய சீட்டுகள் வழக்கத்தைவிட மூன்று மடங்கு. அச்சு சுழலாமல் பிடிக்கும் கொக்கி வாஷரை அவன் மாட்டினான். கன்ட்ரோலரை மழை படாமல் இருக்கையின் கீழே அவள் கட்டினாள். ஒயர்களை அவன் இணைத்தான். தொங்கியவற்றை அவள் பல்லுக்குக் கம்பி கட்டுவது போல ஒழுங்காக முடிந்து வைத்தாள். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் விரல் தொடர்ந்து போனது.

வியாழக்கிழமை காலை வந்ததும் அவன் தூக்கத்தைத் தள்ளி வைத்துவிட்டு, ஹேண்டில்பாரைக் கயிற்றால் படிக்கட்டுக் கம்பியில் கட்டி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, பேட்டரியை மாட்டி ஆக்ஸிலரேட்டரைத் திருகினான். சக்கரம் சுழன்றது. பின்பக்கமாக.

மேலே போய் எழுதினான். நோயாளி: முன்சக்கரம். குறை: பின்பக்கமா சுத்துது. திருத்தம்: நாளைக்கு. கண்ணு சொருகுது.

மத்தியானம் இரண்டு மணிக்கு அவனுக்கு விழிப்பு வந்தது. பம்ப் அறையில் முதல் நாள் சொல்லிக் கொடுக்கும் பாடம் அது: மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் மூன்று ஒயரில் இரண்டை மாற்றிப் போடு. கீழே போய் மஞ்சளையும் பச்சையையும் மாற்றினான். சக்கரம் முன்னோக்கி ஓடியது. அந்த மகிழ்ச்சியில் குளித்து, சட்டை மாற்றி, ஆறு பத்துக்கு வேன் ஏறிவிட்டான். காலையில் எழுதிய சீட்டு காந்தத்தில் அப்படியே இருந்தது.

ஆறரைக்கு அவள் வந்து சீட்டைப் படித்தாள். பெட்டியோடு வந்த தாளை எடுத்துப் பார்த்தாள். படத்தில் அச்சிலிருந்து ஒயர் வெளியே வரும் பக்கம் இடது, சைக்கிளில் வலது. வலதும் இடதும் மாறிய பல் செட்டை எத்தனையோ முறை பார்த்தவள் அவள். இரண்டு நட்டைக் கழற்றினாள், சக்கரத்தைத் திருப்பி மாட்டினாள், இறுக்கினாள். பேட்டரி மூன்றாம் மாடியில் சார்ஜில் இருந்தது. அதற்காக ஏறி இறங்க முழங்கால் ஒப்பவில்லை. காரணம் தெளிவாகத் தெரிந்தபோது சோதித்து என்ன பார்ப்பது? சீட்டின் கீழே எழுதினாள்: 'வைத்தியம் ஆச்சு.'

வெள்ளிக்கிழமை காலை அவன் அதைப் படித்தான். நான் செய்ததை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறாள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டான். ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டுத் தூங்கலாம் என்று கீழே போய்த் திருகினான். சக்கரம் பின்பக்கமாகச் சுழன்றது. ஒயர் வேறு பக்கம் வந்திருப்பதை இரவெல்லாம் விழித்த கண் கவனிக்கவில்லை.

புதுச் சீட்டு. குறை: மறுபடியும் பின்பக்கம்! மத்தியானம் எழுந்து மறுபடியும் ஒயரை மாற்றினான். சரியானது. இந்த முறை மறக்காமல் எழுதினான்: 'இப்ப சரி. தொடாதே.' ஆனால் முன்பக்கத்தில் இடம் இல்லாததால் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி, காந்தத்தைப் பழையபடி வைத்துவிட்டுப் போனான். அவள் வந்து முன்பக்கத்தைப் படித்தாள். நேற்று தாளைத் தலைகீழாகப் பார்த்துவிட்டோமோ என்று தன்னையே திட்டிக்கொண்டு சக்கரத்தைத் திருப்பி மாட்டினாள்.

சனிக்கிழமை காலை. சக்கரம் பின்பக்கமாகச் சுழன்றது.

அன்று அவன் ஒயரைத் தொடவில்லை. பேட்டரியைக் கழற்றிக்கொண்டு மாடி ஏறினான். பிறகு எழுதிய சீட்டில் நோயாளி இல்லை, குறை இல்லை. 'இந்த மோட்டார் கோளாறு. ஒரு நாளைக்கு ஒரு மாதிரி சுத்துது. இத நம்பி உன்னைப் பாலத்துல ஏத்த மாட்டேன். திருப்பி அனுப்பிடலாம். பத்து நிமிஷம் இல்லாமலா இவ்வளவு நாள் இருந்தோம்.'

அவள் அந்தக் கடைசி வரியை மூன்று முறை படித்தாள். கத்தரித்து எடுத்து வைத்திருந்த துண்டு பர்ஸில் இருந்தது. அதையும் எடுத்துப் பார்த்தாள். சூடாக ஒரு டீ. இரண்டு வருடம் அது இல்லாமல் இருந்தது உண்மைதான். அது கிடைக்கும் என்று நம்பிய இந்த ஆறு நாள் மட்டும் தாங்க முடியாததாக இருந்தது. பேனாவை எடுத்தாள். 'ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவ பாத்துடலாம்.'

ஞாயிறு மூன்று மணிக்கு இருவரும் மாடிப்படிக்கு அடியில் நின்றார்கள். அவன் திருகினான். பின்பக்கம்.

"பாத்தியா? ரெண்டு தடவ ஒயர மாத்திட்டேன். மாத்தினதும் நல்லா ஓடுது. காலைல வந்தா கழுதை மறுபடியும் பின்னால போகுது."

"ஒயர மாத்தினீங்களா? எப்ப?"

"மத்தியானம். ரெண்டு நாளும்."

"என்னங்க சொல்றீங்க? நான் சாயங்காலம் சக்கரத்தையே..."

எதிர் ஜன்னலில் தையல் மெஷின் நின்றது.

"நானும் நாலு நாளா பாக்கறேன்" என்றாள் தையலக்கா, வாயில் ஊசியைக் கவ்வியபடி. "மத்தியானம் இவரு வந்து ஒயர மாத்துறாரு. சாயங்காலம் நீ வந்து சக்கரத்தத் திருப்புற. மறுநாளும் அதே மாதிரி. சரி, மோட்டார் வண்டின்னா இதுதான் முறை போலிருக்கு, தினம் ஒரு தடவ திருப்பி வைக்கணும் போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

"ஏன்க்கா, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நல்லாருக்கே! புருஷன் பொண்டாட்டி வேலைல நான் எதுக்கும்மா நடுவுல? ஒரே பானைல மாமியாரும் மருமகளும் தனித்தனியா உப்புப் போட்ட கதையா இருக்கு. பானையக் குத்தம் சொல்லி என்ன பண்றது?"

அவன்தான் முதலில் சிரித்தான். சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு சரியும் சேர்ந்து ஒரு தப்பு ஆகியிருந்தது. அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கிரீஸ் கையை முகத்துக்குக் கொண்டுபோக முடியாமல், உடைந்த பல்லுக்குப் பதிலாக அவளே செய்த பல் தெரியச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் கடைசியாக எப்போது நேரில் பார்த்தான் என்று நினைவில்லை. சீட்டில் அது வராது.

"இப்ப யாரு வைத்தியம்? உன்னுதா, என்னுதா?" என்றான்.

"என்னுதுதான். தாள்ல படம் இருக்கு. நீங்க ஒயரத் தொட்டா கைய வெட்டுவேன்."

அவன் ஃபோர்க்கைத் தூக்கிப் பிடித்தான். அவள் சக்கரத்தைத் திருப்பி மாட்டினாள். நட்டுகளை ஒருவர் இறுக்க, மற்றவர் அதையே இன்னொரு முறை இறுக்கிப் பார்த்தார். அவள் திருகினாள். சக்கரம் முன்னோக்கி ஓடியது.

திங்கட்கிழமை அவள் லேப்பிலிருந்து கிளம்பியபோது ஐந்து முப்பத்தொன்று. பாலத்தின் ஏற்றத்தில் மிதித்துக்கொண்டே கைப்பிடியை லேசாகத் திருகினாள். யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல் சைக்கிள் ஏறியது. இரண்டு வருடத்தில் முதன்முறையாக உச்சியில் நிமிர்ந்து பார்த்தாள். கீழே தண்டவாளங்கள் இத்தனை இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

ஆறு மூன்றுக்கு வீடு. வழியெல்லாம் அவள் பயந்தது மூன்று மாடியை: பேட்டரியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு ஏறினால் நாலு நிமிடம் போய்விடும். ஆனால் மாடிப்படிக்கு அடியில் அவன் வேலைக்குப் போகும் சட்டையோடு, கையில் இரண்டு டம்ளர்களோடு நின்றிருந்தான். ஒன்றின் மேல் சீட்டு ஒன்றை மூடியாக வைத்திருந்தான், ஆறாமல் இருக்க.

கடைசிப் படியில் உட்கார்ந்தார்கள்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. காத்து முகத்துல அடிச்சுது."

"பிரேக்?"

"பிடிக்குது."

"பால்காரர்..."

"தெரியும். எழுதியிருந்தீங்க."

சொல்ல வேண்டியதெல்லாம் ஏற்கனவே எழுதியாகிவிட்டது. எதிர் ஜன்னலில் தையலக்கா தேவைக்கு மேல் சத்தமாக மெஷினை ஓட்டினாள். அவன் தோள் அவள் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. இருவரும் அதை நகர்த்தவில்லை. ஆறு எட்டுக்கு அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். "வரேன்" என்றான். "ம்" என்றாள்.

இரண்டு டம்ளர்களோடு மாடி ஏறும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாள் அவன் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். இன்று அவன் போனான். இனிமேல் தினமும் போவான். தினமும் அவள் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் வீடு வெறுமையாக இருப்பது பழகிப்போயிருந்தது. இப்போது அது தினம் மாலை ஆறு எட்டுக்குப் புதிதாகக் காலியாயிற்று. சீட்டில் இதை எழுதலாம் என்று பேனாவை எடுத்தாள். எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. வைத்துவிட்டாள்.

அப்படியே செவ்வாய், புதன். ஒருநாள் ஆறு நிமிடம். மறுநாள் சிக்னலில் மாட்டி மூன்று. வேனில் அவன் அதே இருக்கையில்தான் உட்கார்ந்தான். பாலத்தின் உச்சி தாண்டியதும் கழுத்து தானாகத் திரும்பியது. எதிர்ப்பக்க ஏற்றத்தில் யார் யாரோ ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"அங்க என்னண்ணே இன்னும்?" என்றான் வால்வ்காரன். "அதான் அண்ணி வீட்டுக்கு வந்துட்டாங்கல்ல."

"ஒண்ணும் இல்ல. பழக்கம்."

வியாழக்கிழமை ஆறு ஏழு. டம்ளரின் அடியில் கொஞ்சம் டீ மிச்சம் இருந்தது. அதைச் சுழற்றிக்கொண்டே அவன் சொன்னான்:

"பாலத்துல உன்னைப் பாக்காம ஒரு மாதிரி இருக்கு."

"பாலத்துலயா?"

"தினம் பாப்பேன். வேன்லேருந்து. நீ தள்ளிக்கிட்டு வருவ, அந்தப் பக்கம்."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷமா."

தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. அன்று ஒரு நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது. அவன் பாதி எழுந்தவன் ஏதோ சொல்ல வந்து, மறுபடி ஹாரன் கேட்டதும் ஓடினான்.

அவள் டம்ளரைப் பிடித்தபடி நின்றாள். இரண்டு வருடம். வியர்வையில் ரவிக்கை ஒட்டிக்கொண்டு, குனிந்து, மனதுக்குள் எதை எதையோ திட்டிக்கொண்டு அந்த ஏற்றத்தில் அவள் தன்னந்தனியாக ஏறியதாக நினைத்த ஒவ்வொரு நாளும், தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் பார்த்துக்கொண்டே போயிருக்கிறான். ஒரே ஒரு நாள் நிமிர்ந்திருந்தால் போதும்.

"அக்கா, இதப் பிடிங்க" என்று இரண்டு டம்ளர்களையும் ஜன்னல் கம்பி வழியாக நீட்டினாள்.

"எங்கடி போற? இப்பதானே வந்த?"

அவள் அதற்குள் தெருவில் இருந்தாள். பேட்டரியில் இரண்டு கோடு மிச்சம் இருந்தது. பாலத்தின் அடியில் இருக்கும் சிக்னல், போகிற பக்கத்துக்கு எப்போதும் நெடுநேரம் சிவப்பாக நிற்கும் என்பது அவளுக்குத் தெரியும். வரும்போது தினம் பார்ப்பாள். இரண்டு கோடு ஒரு கோடானது. சிக்னல் பச்சையானபோது அவளுக்கும் வேனுக்கும் நடுவே ஒரு பேருந்தும் இரண்டு கார்களும் இருந்தன. ஏற்றத்தில் எல்லாம் ஊர்ந்தன. ஓரத்தில் சைக்கிளுக்கு இடம் இருந்தது. மிதித்தாள், திருகினாள்.

வேனுக்குள் அவன் மூன்றாவது இருக்கையில், வலது ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே" என்றான் வால்வ்காரன்.

அவன் திரும்பவில்லை.

"அண்ணே, அங்க என்னத்தப் பாக்குறீங்க? இந்தப் பக்கம் பாருங்க. இந்தப் பக்கம்!"

இடது ஜன்னலுக்கு வெளியே, ஒரு கை தூரத்தில், நீல ஹெல்மெட் வேனோடு கூடவே ஏறிக்கொண்டிருந்தது. அவன் நடைவழியைத் தாண்டி, வால்வ்காரனின் மடி மேலேயே சாய்ந்து கண்ணாடியில் கை வைத்தான். ஜன்னலின் கொக்கி துருப்பிடித்து எப்போதோ இறுகிப் போயிருந்தது. அவள் சாலையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவன் காதைத் தொட்டுக் காட்டினான். அவள் மறுபடியும் சொன்னாள். உச்சி வந்தது. இறக்கத்தில் வேன் வேகம் பிடித்தது. பின் கண்ணாடியில் நீலப் புள்ளி நின்று, சிறிதாகி, மறைந்தது.

"என்னண்ணே சொன்னாங்க?"

"கேக்கல."

"என் தொடை போச்சுண்ணே, எந்திரிங்க."

பாலத்தின் அந்தப் பக்கம் இறங்கித் திரும்பி, மறுபடி உச்சிக்கு வரும்போது கடைசிக் கோடும் அணைந்தது. மோட்டாரும் பேட்டரியும் ஏறிய சைக்கிள் பழைய சைக்கிளைவிட இரண்டு மடங்கு கனம். பாலத்தின் இந்தப் பக்கம் இறக்கம்தான். மீதி வழியை அவள் மிதித்தே வந்தாள், இருட்டத் தொடங்கியிருந்தது. தையலக்கா கழுவிய டம்ளர்களோடு படியில் நின்று, "புடிச்சியா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை எட்டு இருபதுக்கு அவன் வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றாமலே குளிர்பதனப் பெட்டியிடம் போனான். காந்தத்தில் ஒரு சீட்டு இருந்தது. நோயாளி, குறை, திருத்தம் எல்லாம் காலி. இந்த முறை பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தான். அங்கேயும் ஒன்றும் இல்லை. முன்பக்கத்தில், கட்டங்களுக்குக் கீழே, ஒரே வரி.

'கண்ணாடி மூடியிருந்துச்சு, கேட்டிருக்காது. சாயங்காலம் சொல்றேன்.'

இரண்டு வருடத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்ட முதல் சீட்டு அது. அவன் படுத்தான். தூக்கம் வரவில்லை. எழுந்து, டீக்குப் பால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து மறுபடியும் படுத்தான். அவள் பக்கத்துப் போர்வை இன்னும் முழுக்க ஆறவில்லை. ஆறு மூன்றுக்கு இன்னும் ஒன்பதரை மணி நேரம் இருந்தது.